அழ விடாத வீடு

மருதாணி போகாது, விட்டுருங்கன்னு சிஸ்டர் சொல்லிட்டுப் போயாச்சு. எனக்குத்தான் கை நிக்க மாட்டேங்குது. பாத்ரூம் தரையில உக்காந்து சஷ்டியோட விரலை ஒவ்வொண்ணாப் பிடிச்சு, பேஸ்ட்டை வச்சு பிரஷ்ஷால தேய்ச்சுக்கிட்டே இருக்கேன். உள்ளங்கையில இருக்கிறதாவது கொஞ்சம் மங்கின மாதிரி தெரியுது, நகத்துல ஏறினது அசைவேனாங்குது. எப்படி அசையும், கொட்டைப்பாக்கு போட்டு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு நானே அரைச்சது. அரைக்கும்போது நல்லாச் செவக்கணும் சாமின்னு வேண்டிக்கிட்டேன், செவந்துருச்சு. எத்தனையோ வேண்டினேன், இந்த ஒண்ணைத்தான் காது குடுத்துக் கேட்டுருக்கார். காலையில சிஸ்டர் ஜெபராணி போர்வைக்குள்ள கையை விட்டுப் புள்ள விரலை எடுத்துப் பாத்தவங்க, "என்னம்மா இது, இந்தப் புள்ளைகளை எல்லாம் நகத்தப் பாத்துத்தானே நாங்க உயிரப் பாக்கணும், நீலம் ஏறுதா, எறங்குதான்னு, ஆபரேஷன் அன்னைக்குப் போயி இப்படி வச்சுக் கொண்டாந்துருக்கீங்களே" அப்படின்னாங்க. நான் அவுங்க கையைப் பிடிச்சு ஒரு அமுக்கு அமுக்கினேன். புள்ள தூக்கக் கலக்கத்துல இருந்தா, நல்லவேளை. சிஸ்டர் என் மூஞ்சியை ஒரு நிமிஷம் பாத்தாங்க. "புள்ளைக்குத் தெரியாதா?" குரலை இறக்கிக் கேட்டாங்க. நான் போர்வையை இழுத்துப் புள்ள கையை மூடினேன். தெரியாது சிஸ்டர், தெரியாமத்தான் கூட்டிட்டு வந்துருக்கோம், கோவில்பட்டியில பஸ் ஏறும்போது மதுரையில சும்மா ஒரு செக்கப்பு, வழக்கம்போல நெஞ்சுல ஜெல்லு தடவி டிவி பாக்கிறது, முடிஞ்சதும் அப்படியே சித்தி கல்யாணம்னு சொல்லித்தான் ஏத்துனோம், எந்தச் சித்தி, எந்தக் கல்யாணம், என் தங்கச்சி கௌசி திருப்பூர்ல பனியன் மடிச்சுக்கிட்டு இருக்கா, அவளுக்கு மாப்பிள்ளையும் இல்ல மண்டபமும் இல்ல. இதையெல்லாம் எப்படிச் சொல்ல. "ஏம்மா அழிக்கிற? கல்யாணத்துல போட்டோ எடுப்பாங்கல்ல" சஷ்டி கேக்கிறா. "ரொம்பச் செவந்துருச்சு தாயி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கண்ணு வச்சுருவாங்க." எங்க இருந்துதான் வருதோ. நாக்கு நுனியில ரெடியா உக்காந்துருக்கும் ஒவ்வொண்ணும். "செவந்தா அம்மா மேல ரொம்பப் பாசம்னு அர்த்தமாம், பக்கத்து வீட்டு அக்கா சொல்லுச்சு" அப்படிங்கிறா. சரி தாயி, கையக் காட்டு, தண்ணி ஊத்திக் கழுவிருவோம்.

தண்ணியப் பாத்ததும் குடிக்கக் கேட்டா. குடிக்கக் கூடாது, விடியிறதுக்கு முன்னாடி இருந்தே பச்சைத் தண்ணி கூடப் பல்லுல படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு. "டிவி பாக்கிற மிஷினுக்கு வயிறு காலியா இருந்தாத்தான் படம் தெளிவா தெரியுமாம்" இது காலையில நான் விட்டது. இப்ப மறுபடி அதையே சொல்றேன். அவ என் கையில வழியிற தண்ணியையே பாத்துக்கிட்டு நிக்கிறா. அழல. அழ மாட்டா. அழப் போறான்னு தெரிஞ்சாலே நாங்க எதையாவது நீட்டிருவோம், அது அவளுக்கும் தெரியும், அதனால உதட்டைப் பிதுக்கிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பாப்பா, என்ன வருதுன்னு. அழ விட்டாத் தெரியும் சங்கதி. காது குத்துன அன்னைக்குப் பாத்தோம். எங்க பெரியப்பா மகன் மடியில உக்கார வச்சு, மொட்டை போட்டுச் சந்தனம் தடவி, ஆசாரி ஒரு காதுல ஊசியை இறக்கினார். எல்லாப் புள்ளையும் அழும், அழட்டும்னு சுத்தி நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தாக. இவ அழுதா, அழுதா, சத்தம் நின்னுபோச்சு, வாய் மட்டும் தொறந்துருக்கு, உதடு கத்திரிக்காய் கலருக்குப் போயிருச்சு. ஆசாரி ஊசியைப் பிடிச்ச கையோட எந்திரிச்சு நின்னுட்டார். அண்ணன் மடியில துணி மாதிரிக் கெடக்கா. காத்துக் கருப்புன்னு ஒருத்தி, தண்ணியத் தெளின்னு ஒருத்தி. ஆஸ்பத்திரியில வச்சுத்தான் சொன்னாங்க, நெஞ்சுல ஓட்டை ஒண்ணு இருக்கு, நுரையீரலுக்குப் போற வழியில அடைப்பு இருக்கு, அழுதா ரத்தம் போற பக்கம் போகாம நீலம் பாரிக்கும், அந்த மாதிரி ஆனா முட்டியை மடக்கி நெஞ்சோட சேத்துப் பிடிங்க, எடை ஏறட்டும், ஆபரேஷன் பண்ணலாம், அது வரைக்கும் முடிஞ்ச அளவு அழ விடாமப் பாத்துக்கங்க. முடிஞ்ச அளவுன்னு அந்த டாக்டர் சொன்னது எங்க யார் காதுலயும் ஏறல. அழ விடாதீங்கங்கிறதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இன்னொரு காதை அப்படியே விட்டாச்சு. ஒரு காதுல தோடு, ஒரு காதுல கல்லு வச்ச ஸ்டிக்கர் பொட்டு. தூரத்துல பாத்தா ஒண்ணும் தெரியாது.

கட்டில்ல ஏறி உக்காந்ததும் பக்கத்துக் கட்டிலை எட்டிப் பாக்கிறா. வெள்ளை விரிப்பு மடிப்புக் கலையாம போட்டுருக்கு. நேத்து அங்க தேனிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் இருந்தான், இவளைவிடக் கொஞ்சம் பெரியவன், இவகூடக் கைதட்டி விளையாடினான். மத்தியானமே வண்டியில படுக்க வச்சுக் கொண்டுபோனாங்க, அவுங்க அம்மா கூடவே ஓடினா. திரும்பி வரல. நான் யார்கிட்டயும் கேக்கல. கேட்டா யாராவது பதில் சொல்லிருவாங்க. "அந்த அண்ணன் எங்கம்மா?" "வீட்டுக்குப் போயிட்டான்." "செருப்பு போடாமயா?" குனிஞ்சு பாத்தேன். கட்டிலுக்கு அடியில நீலக் கலர்ச் செருப்பு, ஒண்ணு நேரா ஒண்ணு கவுந்து. கூட்டிப் பெருக்குற அம்மா மாப்பு போட்டுட்டு அதைச் சுத்தி மட்டும் விட்டுட்டுப் போயிருக்கா. "புதுச் செருப்பு வாங்கிருப்பாங்க தாயி." சஷ்டி செருப்பைப் பாக்கிறா, என்னப் பாக்கிறா. "நல்லாத்தான இருக்கு அது." ஆமா, நல்லாத்தான் இருக்கு, அந்த அம்மாவுக்கு அதை எடுக்கணும்னு தோணலையா, எடுக்க மனசு வரலையா, எடுத்து என்ன செய்யன்னு விட்டுட்டாளா, ஐயோ என்ன நெனப்பு இது, ஓடிப்போன அவசரத்துல விட்டுருப்பா, அவ்வளவுதான், எந்தப் பொம்பளை அந்த நேரத்துல செருப்பைத் தேடுவா. நான் இப்பவே இவ செருப்பை எடுத்துப் பையில வச்சுக்கிடணும். இல்ல, எடுக்கக் கூடாது, எடுத்தா அபசகுனமா, எடுக்காட்டி அபசகுனமா. காலால தள்ளி உள்ள விட்டுட்டேன், கண்ணுல படாம.

சிஸ்டர் பச்சை கவுனை எடுத்துக்கிட்டு வந்தாங்க, முதுகுப் பக்கம் கயிறு கட்டுறது. நாகர்கோவில்காரங்க, பேச்சுலயே தெரியும். "வா மக்களே, சட்டையக் கழட்டுவோம்." அரைஞாண் கயிறை அவுத்தாங்க, கழுத்துத் தாயத்தை அவுத்தாங்க, எல்லாத்தையும் என் உள்ளங்கையில வச்சாங்க. தோட்டைத் திருகி எடுத்தாங்க. அந்தப் பக்கம் போயி பொட்டைத் தொட்டதும், "இது என்ன மக்களே?" "அம்மா ஒட்டுனா. இந்தப் பக்கம் ஓட்டை இல்ல." சிஸ்டர் சிரிக்கல. நகத்தால மெள்ள உரிச்சு எடுத்தாங்க. "நல்லதாப் போச்சு, விரல்ல மாட்டி ஆக்ஸிஜன் பாக்கிற கிளிப்பை இந்தக் காதுல மாட்டிக்கிடலாம்" அப்படின்னாங்க, என்னப் பாத்துச் சொன்ன மாதிரியும் இருந்துச்சு, காதைப் பாத்துச் சொன்ன மாதிரியும் இருந்துச்சு. அப்புறம் என்னைத் திரைக்கு வெளிய கூப்பிட்டு நிறுத்தினாங்க. "செண்பகம், வண்டி வரப் போகுது. சொல்லிருங்க." நான் அழுதுருவா சிஸ்டர்னேன். "அழட்டும். இங்க அழுதா நீங்க இருக்கீங்க, நான் இருக்கேன், ஆக்ஸிஜன் இருக்கு. சொல்லாம அனுப்பினீங்கன்னா அங்க உள்ள போயி, மூஞ்சி மூடின ஆளுங்க மத்தியில, மூக்குல மாஸ்க்கு வைக்கையில தெரியும். அப்ப எடுக்கிற மூச்சுத்தான் கெட்ட மூச்சு. நான் பாத்துருக்கேன்." என்ன பாத்துருக்கீங்கன்னு கேக்கல. "நாங்க சொல்றதைவிட அம்மா சொன்னாத்தான் புள்ள நம்பும்" அப்படின்னாங்க. நல்லா நம்பும். என்னைத்தானே இத்தனை நாளா நம்பிக்கிட்டு இருக்கு.

எங்க வீட்டுக்காரரு கீழ ரத்தம் குடுக்க வந்த ஆளுகளோட நிக்காரு. பட்டறையில கூட வேலை பாக்கிறவங்க, விடியக்காலம் பஸ் பிடிச்சு வந்துருக்காங்க. போன் போட்டேன். "சஷ்டிகிட்டச் சொல்லணுமாம்." அந்தப் பக்கம் ஒரே வண்டிச் சத்தமா இருந்துச்சு. "கேக்குதா?" "கேக்குது. நீயே பாத்துச் சொல்லிரு செண்பகம். நான் மேல வந்தா அழுதுருவேன். என்னப் பாத்து அவ அழுதுருவா." சொல்லிட்டு வச்சுட்டாரு. வேல்ராஜ் இப்படித்தான், எதுக்கெடுத்தாலும் நீயே பாத்து. பொய்யெல்லாம் சேந்து சொன்னோம், உண்மைய மட்டும் நான் தனியாச் சொல்லணுமாம். நல்லாருக்கு நியாயம். அந்தக் கோழிக்குஞ்சு செத்தப்ப என்ன ஓட்டம் ஓடினாரு. ரோஸ் கலரு அடிச்ச குஞ்சு, சந்தையில வாங்கினது, அவ முழிக்கிறதுக்குள்ள செத்துக் கெடந்துச்சு, சைக்கிளை எடுத்துட்டு அதே ரோஸ்ல இன்னொண்ணு தேடி ஊரைச் சுத்தி வந்து கூடைக்கு அடியில விட்டாரு. அவ முழிச்சுப் பாத்துட்டு, "இதுக்குக் கண்ணு சின்னதா இருக்கே"ன்னா. "ராத்திரி நல்லாத் தூங்கிருச்சு, அதான்"னாரு. எங்க மாமனார் செத்தாரே, அதை என்னன்னு சொல்ல. புள்ளைக்குக் காய்ச்சல், உள்ரூம்ல படுத்துருக்கா, எங்கயும் தூக்கிட்டுப் போக முடியல. அதனால பொணத்தைப் பெரிய மாமனார் வீட்டுல கொண்டுபோயிப் போட்டோம், ஒரே தெரு, நாலு வீடு தள்ளி. ஒப்பாரி வைக்க வந்த பொம்பளைகளை இவரு தெரு முக்குலயே நிறுத்தி, கும்பிட்டு, சத்தம் போடாதீங்க, புள்ள இருக்கு, சத்தம் போடாதீங்கன்னு கெஞ்சினாரு. அத்தனை பொம்பளைகளும் தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு, முந்தானையைச் சுருட்டி வாயில வச்சுக்கிட்டு உக்காந்துருந்தாக. அழுக சத்தமே இல்லாம ஒரு எழவு வீடு. ஊரே பேசுச்சு. எங்க அத்தை, கட்டின புருசனைத் தூக்கும்போது கூட ஒரு சத்தம் விடல, என் தோளைப் பிடிச்ச பிடியில அந்த எடம் மட்டும் பச்சையாக் கன்னிப்போச்சு. சஷ்டிக்குத் தாத்தா திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போயிருக்கார்னு சொல்லிருக்கோம். இன்னும் நடந்துகிட்டே இருக்கார் மனுசன். ஆயிரம் பொய்யச் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுங்கிறாக, நான் ஒரு கல்யாணத்தச் சொல்லி எத்தனை பொய்யை நடத்திக்கிட்டு இருக்கேன். பொய்யா அது? வைத்தியம். மாத்திரை மாதிரி வேளாவேளைக்குக் குடுத்தோம், புள்ள உயிரோட இருக்கா. யாராவது வந்து என்கிட்டச் சொல்லட்டும் இது தப்புன்னு. அந்த ஜெபராணிக்கென்ன, சாயந்திரம் டூட்டி முடிஞ்சா பஸ் ஏறிருவா. தப்பு, அப்படி நெனைக்கக் கூடாது, அவுங்க நல்லவங்கதான், நான்தான் பயத்துல எல்லாரையும் திட்டிக்கிட்டு இருக்கேன்.

கட்டில்ல அவ காலை ஆட்டிக்கிட்டு உக்காந்துருக்கா. பச்சை கவுனு பெருசு, கழுத்துல நிக்காம ஒரு தோள்ல வழியுது, எலும்பு தெரியுது. பக்கத்துல உக்காந்தேன். சொல்லணும். எதுல இருந்து ஆரம்பிக்க. சஷ்டி, ஒண்ணு சொல்றேன், அழக் கூடாது. அப்படிச் சொன்னாலே அழுகிற விஷயம்னு தெரிஞ்சு போகும். சஷ்டி, உனக்கு உடம்பு நல்லாகப் போகுது. எல்லாப் புள்ளை மாதிரியும் ஓடலாம், மாடி ஏறலாம், நடுவுல நடுவுல குத்தவச்சு உக்கார வேண்டாம். இதுவும் முழு உண்மை இல்ல, சீனித் தண்ணி கலந்த உண்மை. டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும், நூத்துல இத்தனை புள்ள தங்காதுன்னு சொன்னார், அந்த இத்தனையை விட்டுட்டு மிச்சத்தை எங்க வீட்டுக்காரரு பிடிச்சுக்கிட்டாரு, மிச்சத்தை விட்டுட்டு அந்த இத்தனையை நான் பிடிச்சுக்கிட்டேன். நெஞ்செலும்பை அறுப்பாங்களாம். இந்த எலும்பைத்தான். குளிப்பாட்டும்போது சோப்பு நுரை நிக்குமே, இந்தக் குழியில. இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பாங்களாம், மிஷினு ஓட்டுமாம், அப்புறம் இவளோடது தானா ஓடணுமாம். தானா ஓடணும். நான் எத்தனை ராத்திரி காதை வச்சுக் கேட்டுருக்கேன் அந்த ஓட்டத்தை, குறுகுறுன்னு ஒரு சத்தம் கூடவே வரும், அந்தச் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வராது. அதை நிறுத்துவாங்களாம். நான் உள்ள வச்சுக்கிட்டு இருக்கிறது என்னன்னு தெரியாம அவ என் வளையலை எண்ணிக்கிட்டு இருக்கா. நான் அழுதா எப்படி இருப்பேன்னு அவளுக்குத் தெரியாது, பாத்ததில்ல. எனக்கே மறந்துருக்கும். தொண்டை வரைக்கும் வருது, பழக்கத்துல தானாத் திரும்பிப் போயிருது. வெளிய வண்டி சக்கரம் கிறீச்சுங்குது. நம்ம வண்டியா, வேற யாருக்காவதா. வேற யாருக்காவதா இருக்கட்டும். தாண்டிப் போயிருச்சு. அதுக்குச் சந்தோசப்பட்டேன், யார் வீட்டுப் புள்ளையோ.

"சஷ்டி." "ம்." "கல்யாணம் இல்ல தாயி." கையை எடுத்துட்டா. "மாப்பிள்ளை ஓடிப் போயிட்டாரா?" சீரியல்ல பாத்துருக்கா. வேற நாளா இருந்தா சிரிச்சுருப்பேன். "மாப்பிள்ளையே இல்ல. சித்தி திருப்பூர்லதான் இருக்கா. இன்னைக்கு உனக்கு ஆபரேஷன். தூங்க வச்சு நெஞ்சைத் தொறந்து உள்ள இருக்கிற ஓட்டையை அடைப்பாங்க." சொல்லிட்டேன். இவ்வளவுதான். இதுக்கா இத்தனை பாடு. அவ உதட்டைப் பாக்கிறேன், நகத்தைப் பாக்க முடியாதுல்ல, உதட்டையே பாக்கிறேன். "அந்த அண்ணனுக்குப் பண்ணுன மாதிரியா?" "ஆமா." "அவன் வீட்டுக்குப் போகலல்ல?" "இல்ல." திரைய விலக்கிட்டு சிஸ்டர் உள்ள வந்து நின்னுட்டாங்க, கையில சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரு. சஷ்டி அவுங்ககிட்டக் கேட்டா, "அந்த அண்ணன் எங்க?" "ஐசியூல இருக்கான் மக்களே. நேத்துல இருந்து கண்ணு முழிக்கல. டாக்டர்மாரு பக்கத்துலயே இருக்காங்க, முழிப்பான்னு பாத்துக்கிட்டு இருக்கோம்." இதைப் போயிப் புள்ளகிட்டச் சொல்லணுமா. ஆனா சஷ்டி தலைய ஆட்டினா, சரின்னு. என்கிட்டத் திரும்பி, "வலிக்குமா?" வலிக்காது. அந்தச் சொல்லு வாய்க்குள்ள வந்து நின்னுச்சு, பல்லைக் கடிச்சேன். "தூங்கும்போது தெரியாது. முழிச்சதும் வலிக்கும். ரொம்ப வலிக்கும். மருந்து குடுப்பாங்க." அதுக்கும் தலைய ஆட்டினா. சரி, முடிஞ்சுதுன்னு மூச்சு விடப் போனேன். அவ எங்கயோ பாத்துக்கிட்டு இருக்கா, நெத்தி சுருங்குது. "அந்தக் குஞ்சு?" "எந்தக் குஞ்சு?" "கண்ணு சின்னதா இருந்துச்சே." "அது வேற குஞ்சு தாயி. முதல் குஞ்சு செத்துப்போச்சு." இதுக்கு மேல என்ன வரும்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. கூடாதுன்னு கையை நீட்டித் தடுக்கலாம்போல இருந்துச்சு. "தாத்தா திருச்செந்தூர்லயா இருக்காரு?" நான் சிஸ்டரைப் பாத்தேன். அவுங்க தரையைப் பாத்தாங்க. "இல்ல தாயி."

அழுதா. ஆபரேஷனுக்கு அழல, கல்யாணத்துக்கு அழல, எப்பவோ நாங்க வாயப் பொத்திக்கிட்டுத் தூக்கிட்டுப் போன மனுசனுக்கு இப்ப அழுதா. தாத்தா, தாத்தான்னு சொல்லிச் சொல்லி அழுதா. ஒப்பாரி யாரும் சொல்லிக் குடுத்தது இல்ல அவளுக்கு, ஆனா அந்த இழுவை இருந்துச்சு. இவ்வளவு பெரிய சத்தம் இந்தச் சின்ன உடம்புக்குள்ள இருந்துச்சா, இத்தனை நாளும் அதை எங்க வச்சுருந்தா. வார்டே திரும்பிப் பாத்துச்சு. அப்புறம் உதட்டு ஓரத்துல ஆரம்பிச்சது, எனக்குத் தெரியாதா அந்தக் கலரு, மூக்கைச் சுத்தி, கண்ணுக்குக் கீழ, சத்தம் அறுந்து அறுந்து வருது, வாய் மட்டும் தொறந்துருக்கு. கொன்னுட்டேன், என் வாயால கொன்னுட்டேன்னு நெனச்சேன். சிஸ்டர் எட்டு வச்சு வந்து மாஸ்க்கை மூஞ்சியில வச்சாங்க, "மடக்குங்க, முட்டியை மடக்குங்க." என் மடியில சுருட்டி முட்டியை நெஞ்சோட சேத்து இறுக்கிப் பிடிச்சேன். பாக்கெட்டுல ரெடியா வச்சுருந்த ஊசியை அவுங்க தொடையில போட்டாங்க. மக்களே, மெள்ள, மெள்ள மக்களே. எவ்வளவு நேரம்னு தெரியல. அவ முதுகு என் நெஞ்சுல இடிக்குது, அந்தக் குறுகுறு என் எலும்புல கேக்குது, ஓடு தாயி, நின்னுறாத, ஓடு. அப்புறம் ஒரு பெரிய மூச்சு எடுத்தா. இன்னொண்ணு. கத்திரிக்காய் கலரு மெள்ளக் கரைஞ்சு, வழக்கமான அவ கலருக்கு வந்துச்சு. விசும்பல் மட்டும் நிக்கல. "அழுதுட்டா, தாங்கிட்டா" அப்படின்னாங்க சிஸ்டர், அவுங்க நெத்தியிலயும் வேர்வை. நான் புள்ள மூஞ்சியைத் திருப்பி முத்தம் குடுக்கப் போனேன். அவ மூஞ்சியை அந்தப் பக்கம் வச்சுக்கிட்டா. தலைய இழுத்துக்கக்கூட இல்ல, அப்படியே வச்சுக்கிட்டா, சுவத்தைப் பாத்து. மடியில இருக்கா, ஆனா என்கூட இல்ல.

வண்டி வந்துச்சு. தூக்கிப் படுக்க வைக்கக் கையை நீட்டினேன், அவ சிஸ்டர் பக்கம் கையை நீட்டிட்டா. சிஸ்டர்தான் தூக்கி வச்சாங்க. தள்ளுற அண்ணன் மெதுவாத்தான் தள்ளினாரு, நான் கூடவே நடந்தேன். லிஃப்டுல அவ மேல ஓடுற லைட்டைப் பாத்துக்கிட்டே வந்தா. பயமா இருக்கான்னு கேக்க வாய் வரல. இல்லைன்னு சொன்னா நம்புறதா, ஆமான்னு சொன்னா என்ன சொல்றது, பயப்படாதன்னா, எதை வச்சு. இனிமே நான் இவகிட்டச் சொல்றதுக்கு என்ன வச்சுருக்கேன், ஒண்ணொண்ணா எடுத்துப் பாக்கிறேன், எல்லாமே முன்னாடி எதுக்கோ சொன்னதா இருக்கு. அந்தக் கதவுக்கு முன்னால வண்டி நின்னுச்சு. இதுக்கு மேல நீங்க வரக் கூடாதும்மான்னு தள்ளுற அண்ணன் சொன்னாரு. அப்பத்தான் சஷ்டி தலையத் தூக்கினா. என்னப் பாக்கல. "சிஸ்டர், நான் முழிக்கிற வரைக்கும் எங்கம்மா இங்கயே இருப்பாங்களா?" "இருப்பேன் தாயி, இங்கதான் இருப்பேன், எங்கயும் போக மாட்டேன்" நான் சொல்லிக்கிட்டே வண்டிக் கம்பியைப் பிடிச்சேன். அவ என் பக்கம் திரும்பவே இல்ல. நான் சொன்னது காதுல விழுந்த மாதிரியே இல்ல. கண்ணு சிஸ்டர் வாயிலயே இருக்கு, பதிலுக்குக் காத்துக்கிட்டு. சிஸ்டர் என்னை ஒரு தடவை பாத்தாங்க. "இருப்பாங்க மக்களே" அப்படின்னாங்க. சரின்னு தலைய ஆட்டிட்டுப் படுத்துக்கிட்டா. கதவு மூடிக்கிச்சு.

செக்யூரிட்டி வந்து, இங்க நிக்கக் கூடாதும்மா, எல்லாரும் கீழ ஹால்ல உக்காருங்க, கூப்பிடுவாங்கன்னு சொன்னாரு. ஓரமாத்தான் நிக்கேன்னேன். கொஞ்சம் கழிச்சு எங்க வீட்டுக்காரரு படியேறி வந்தாரு, கண்ணு வீங்கி, ரத்தம் குடுத்த கையில பஞ்சு ஒட்டிக்கிட்டு. "அழுதாளா?" "அழுதா." "ஒண்ணும் ஆகலையே?" "உள்ள போயிட்டா." கதவைப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. "வா, கீழ போவோம். முடியப் பொழுது சாய்ஞ்சுருமாம். ஒரு டீத்தண்ணியாவது குடி." "நீங்க போங்க." "நீ இங்க நிக்கிறது உள்ள அவளுக்கா தெரியப் போகுது?" "தெரியாது." "அப்புறம் என்னத்துக்கு? இங்கயேதான் இருந்தேன்னு முழிச்சதும் சொல்லிக்கிடலாம்ல." பாவம், அவரு கெட்ட எண்ணத்துல சொல்லல, அது எங்க வீட்டுப் பேச்சு. "நான் சொன்னதா இருந்தா வந்துருவேங்க" அப்படின்னேன். "நான் இங்கயே இருப்பேன்னு அவகிட்டச் சிஸ்டர் சொல்லிருக்காங்க." அவருக்கு விளங்கல. சுவத்துல சாய்ஞ்சு நின்னேன்.